ஏழு விநாடி

பாட்டு தொடங்கும் இடம் யாருக்கு வேண்டும்?
அது பொதுவழி.
பல்லவியின் முதல் சொல்லை வெட்டிக் கொடுத்தால்
பஜ்ஜி வாங்க வந்தவர்கூட மணியை அடித்துவிடுவார்.
எனக்கு வேண்டியது
தம்புராவுக்கும் தொண்டைக்கும் நடுவே
ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கும் இடம்.

சனிக்கிழமை போட்டி.
கால்கரியில் இன்று மைனஸ் இருபத்தாறு.
நிலவறையில் நானும் ஃபர்னேஸும்.
அது இரண்டு கட்டையில் இழுக்கும், பிசகாது.
ஒன்றரைக் கட்டைக்காரர்களைக் கேட்கும்போது மட்டும்
அதை அணைத்துவிட்டுக்
கம்பளியைப் போர்த்திக்கொள்கிறேன்.

போன வருடம் ஒரு இருமலைப் போட்டேன்.
வெறும் இருமல்.
மதுரவாசகன் எழுந்தார்.
எண்ணெய்க் கம்பெனியில் நிலவியல் வேலை,
கல்லை நக்கிப் பார்த்தே யுகத்தைச் சொல்கிறவர்.
"வேட்டவலம் சௌந்தரவல்லி, அறுபத்து மூன்று.
ஆனால் இருமியது அவர் இல்லை,
கடம்காரர்"
என்றுவிட்டு வடையைக் கடித்தார்.
அந்த வடையின் சத்தம்
இன்னும் எனக்கு இரவில் கேட்கிறது.

இந்த முறை விடுவதாக இல்லை.
தனி ஆவர்த்தனம் முடியுமுன்னே
ஒற்றை ஆள் தட்டிய அவசரக் கைதட்டல்: எடுத்துக்கொண்டேன்.
நாதஸ்வரக்காரர் சீவாளி மாற்றும்போது
தனியே நின்று ஊதும் ஒத்து: எடுத்துக்கொண்டேன்.
ஒரே பாடகர், ஒரே சபா, ஒரே கீர்த்தனை,
அடுத்தடுத்த இரண்டு வருடம்.
ஒன்றில் மட்டும் தூரத்தில் ரயில் போகும்.
ரயிலுக்கு முன்பே வெட்டினேன்.
இது சூதா?
ரயில் பாடவில்லையே என்று
மனசாட்சிக்கு ஒரு பதில் சொல்லிவைத்தேன்.

கடைசியாகப் பொறி.
எல்லார் வீட்டிலும் இருக்கும் இசைத்தட்டு,
சௌந்தரவல்லியின் தோடி,
நட்டநடுச் சரணம், துல்லியமாக, ஏழு விநாடி.
இவ்வளவு சுலபமாக நான் கேட்கமாட்டேன் என்று
அவருக்குத் தெரியும்.
அதுதான் என் துருப்பு.

சுகிர்தா துணி துவைக்க இறங்கி வந்தாள்.
ஹெட்ஃபோன் வயர் அவள் காலில் பட்டுப் பிடுங்கிக்கொள்ள
அறை முழுக்கக் கைதட்டல்.
"ஓ, அவசரக்குடுக்கை" என்றாள்
சட்டைப் பையில் சில்லறை தேடியபடி.
அடுத்ததைப் போட்டேன்.
"நாற்காலி இழுபடப்போகுது பார்."
இழுபட்டது.
பதினெட்டு வருடமாக வைத்திருக்கும் பதிவு.
நாற்காலி இன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.
தோடியைப் போட்டேன்.
"இது எட்மண்டன் போகும்போது
ரெட் டீர் தாண்டினதும் வரும்.
அப்பத்தான் உனக்குப் பசிக்கும்."

பாடியவர், ராகம், ஆண்டு:
என் விடைத்தாளில் மூன்றே கட்டங்கள்.
அதன்படி அவளுக்குப் பூஜ்யம்.
அமைப்பாளர் குடும்பத்தார் கலந்துகொள்ளவும் கூடாது,
விதி ஆறு,
எழுதியவன் நானே.
உலர்த்தியில் ஒரு பித்தான் சுற்றிச் சுற்றித்
தட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சினூக் காற்று வீசியது.
ஒரே காலையில் பனி இளகி
மண்டபக் கூரை நாலாபக்கமும் சொட்டியது.
மதுரவாசகன் ரயில் இல்லாத வருடத்தைச் சொன்னார்.
சீவாளி மாற்றியவர் பெயரைச் சொன்னார்.
பிறகு தோடி.
கண்ணை மூடினார்.
திரும்பப் போடச் சொன்னார்.
"அவர் மாதிரியே பாடின யாரோ" என்றார்,
"தங்கையா, சிஷ்யையா?"
நெற்றியில் வேர்வை. பாவமாக இருந்தது,
ஆனால் மணியை அடித்தேன்.

ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தேன்.
பின்னால், காபி மேசையருகே,
ஃபிளாஸ்கைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே
சுகிர்தாவின் உதடுகள்
சத்தமில்லாமல் சொல்லின:
ரெட் டீர்.
எனக்குப் பசித்தது.